அம்மாவின் கிட்டப்பா தட்டு: கம்ப்யூட்டரில் ஏற்றியது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் கடிதம் டைப் செய்து பார்ப்பார்கள், கேம் ஆடுவார்கள், போட்டோக்களை ஏற்றி வைப்பார்கள். அதன் பிறகு, "இதை வைத்து வேறு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். என் வீட்டில் இதற்கான விடை அலமாரியின் மேல் ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. பெட்டிக்குள் ஏழு கிராமபோன் தட்டுகள்.

அவை என் தாத்தாவின் தட்டுகள். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர் அவர். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, கடைசியில் குன்னூருக்கு வந்து சேர்ந்தோம். சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோன் பெட்டி ஸ்பிரிங் உடைந்து என்றோ எடைக்குப் போய்விட்டது. தட்டுகள் மட்டும் மிஞ்சின. அவற்றில் ஒன்று எஸ்.ஜி. கிட்டப்பா பாடிய 'காயாத கானகத்தே'. அதன் விளிம்பிலிருந்து ஒரு அங்குல நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது.

"தாத்தா ஞாயித்துக்கிழமை ராத்திரி இதைத்தான் போடுவார். லயத்து ஆளுங்க எல்லாம் வாசல்ல வந்து உட்காருவாங்க. இன்னொரு தடவை கேட்டுட்டா போதும்" என்றார் அம்மா. நாற்பது வருடங்களுக்கு மேலாக அவர் அந்தத் தட்டைக் கேட்டதில்லை. விரிசல் விட்ட தட்டு எத்தனை முறை ஓடும் என்று சொல்ல முடியாது. எனவே ஒரே ஓட்டத்தில் கம்ப்யூட்டருக்குள் வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அதில் இரண்டு தவறுகள் செய்தேன். நீங்கள் அவற்றைச் செய்ய வேண்டாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

யார் இந்தக் கிட்டப்பா?

செங்கோட்டையில் 1906-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே நாடக மேடை ஏறியவர். அப்போது மேடையில் மைக் கிடையாது. ராஜபார்ட் நடிகர் வாயைத் திறந்தால் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்க வேண்டும். அதற்காகவே உயர்ந்த சுருதியில் பாடினார்கள். அதில் கிட்டப்பாவுக்கு இணை இல்லை என்று பேர். அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிப்பார். 1926-இல் இலங்கைக்குப் போன இடத்தில்தான் கே.பி. சுந்தராம்பாளுடன் சேர்ந்து நடித்தார். பின்னர் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். இலங்கைத் தோட்டத்தில் இருந்த என் தாத்தாவுக்குக் கிட்டப்பா மீது அத்தனை பிரியம் ஏன் என்று இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கிட்டப்பா 1933 டிசம்பர் 2-ஆம் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 27 தான். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' வெளிவந்தது 1931-இல். கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. 'காயாத கானகத்தே' பாட்டை 1945-இல் வந்த 'ஸ்ரீ வள்ளி' படத்தில் டி.ஆர். மகாலிங்கம் பாடியதை இன்றும் திரையில் பார்க்கலாம். கிட்டப்பாவை அப்படிப் பார்க்க முடியாது. அவர் குரல் என்று நம்மிடம் இருப்பது இந்த அரக்குத் தட்டுகள் மட்டுமே.

இத்தாலி நாட்டு ராஜபார்ட்

என் பெட்டியில் தாத்தா வாங்காத தட்டு ஒன்றும் உண்டு. தோட்டத்துப் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது குன்னூர் பழைய சாமான் கடைக்கு வந்த என்ரிகோ கருசோ தட்டு அது. ஒரு பக்கம்தான் பாட்டு, மறு பக்கம் வழுவழுப்பு. ஆரம்ப காலத் தட்டுகள் அப்படித்தான் வந்தன.

மேல்நாட்டில் வசனம் உட்பட எல்லாவற்றையும் பாட்டாகவே பாடி நடிக்கும் நாடகத்துக்கு ஆபரா என்று பெயர். அதில் உச்சக் குரலில் பாடும் ஆண் பாடகர் டெனார் எனப்படுவார். பெரும்பாலும் கதாநாயகன் அவர்தான். நம் கணக்கில் சொன்னால் ராஜபார்ட்! அவர்களில் மிகப் பெரியவர் 1873-இல் நேப்பிள்ஸில் பிறந்த கருசோ. 1902 ஏப்ரலில் மிலான் நகர ஓட்டல் ஒன்றில் பிரெட் கெய்ஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் அவரது 10 பாட்டுகளைப் பதிவு செய்தார். அவற்றுக்கு அவருக்குக் கிடைத்த தொகை 100 பவுன். அதே கெய்ஸ்பர்க் அதே ஆண்டு நவம்பரில் கல்கத்தா வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். நம் நாட்டுத் தட்டுகளின் கதை தொடங்குவது அங்கிருந்துதான்.

அந்தக் காலப் பதிவில் மின்சாரமே கிடையாது. பாடகர் ஒரு பெரிய தகரக் கூம்புக்குள் பாடுவார். கூம்பின் மறுமுனையில் உள்ள மெல்லிய சவ்வு அதிரும். சவ்வில் பொருத்திய ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் அந்த அதிர்வைக் கோடாகக் கீறும். சுமார் 250 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளே இதில் ஒழுங்காகப் பதியும். மனிதக் காது கேட்பதோ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. மத்தளம், பெரிய வயலின் போன்றவற்றின் அடித்தொனி காணாமல் போகும். ஆனால் டெனார் குரலின் பலம் பெரும்பாலும் இந்தச் சின்ன ஜன்னலுக்குள்ளேயே அடங்கிவிடும். நூறு வருடங்களுக்கு முந்தைய தட்டில் வாத்தியங்கள் எல்லாம் டப்பாவுக்குள் கேட்பது போல் இருந்தாலும், கருசோ மட்டும் எதிரில் நின்று பாடுவது போல் இருப்பதற்கு இதுவே காரணம்.

1925-இல் மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை வந்தது. கிட்டப்பா பாடிய காலம் பழைய முறை போய்ப் புதிய முறை வந்துகொண்டிருந்த காலம். எந்த முறையானாலும் 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். பிசகினால் முதலிலிருந்து பாட வேண்டும். வெட்டி ஒட்ட முடியாது. கூம்பானாலும் கொட்டகையானாலும் தானாகவே எட்டிப் பிடிக்கும் குரல்தான் அதில் தேறியது. அந்தக் குரல்கள் இன்றும் நம்மைக் கட்டிப் போடுவதில் ஆச்சரியம் இல்லை.

என்னென்ன தேவை?

1. 78 வேகத்தில் சுழலும் டர்ன்டேபிள். சாவி கொடுக்கும் பழைய கிராமபோனில் ஓட்டாதீர்கள். அதன் கனமான இரும்பு ஊசி ஒவ்வொரு முறையும் தட்டைத் தேய்க்கும்.

2. 78 தட்டுகளுக்கென்றே உள்ள ஊசி. இந்தத் தட்டின் பள்ளம் எல்.பி. தட்டின் பள்ளத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். எல்.பி. ஊசியை வைத்தால் அது பள்ளத்தின் அடியில் உருண்டு, குப்பைச் சத்தத்தையே எடுத்துத் தரும்.

3. போனோ ப்ரீ-ஆம்ப்ளிபயர். பல டர்ன்டேபிள்களில் உள்ளேயே இருக்கும்.

4. டெஸ்க்டாப் என்றால் பின்புறம் நீல நிற லைன்-இன் துளையில் கேபிளைச் செருகுங்கள். மைக் துளையில் செருகினால் ஒலி சிதறும். லேப்டாப்களில் பெரும்பாலும் லைன்-இன் இருக்காது. யுஎஸ்பி ஆடியோ அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

5. ஆடாசிட்டி என்ற சாப்ட்வேர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

முதலில் தட்டைக் கழுவுங்கள்

நீலகிரியின் ஈரத்தில் செருப்பும் புத்தகமும் பூசணம் பிடிப்பது போல் தட்டும் பிடிக்கும். ஆனால் ஸ்பிரிட், கொலோன் எதையும் தொடாதீர்கள். 78 தட்டு அரக்கினால் ஆனது, ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புத் திரவம் போட்டு, மிருதுவான துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். நடுவில் உள்ள காகித லேபிளில் நீர் படக் கூடாது. நிழலில் நன்றாக உலர விடுங்கள். பிறகு தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல் புத்தகம் போல் நிறுத்தி வையுங்கள்.

பதிவு செய்வது

ஆடாசிட்டியைத் திறந்து ஸ்டீரியோ, 44,100 ஹெர்ட்ஸ் என்று தேர்வு செய்யுங்கள். "தட்டு மோனோதானே, ஸ்டீரியோ எதற்கு?" என்று கேட்பீர்கள். பள்ளத்துக்கு இரண்டு சுவர்கள் உண்டு. இரண்டும் ஒரே பாட்டைத்தான் சுமக்கின்றன, ஆனால் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. இடது, வலது இரண்டையும் பதிந்துகொண்டு, பிறகு தனித்தனியாகக் கேட்டு, சத்தம் குறைந்த பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். என் தட்டில் வலது பக்கம் தெளிவாக இருந்தது.

பாட்டின் உச்ச இடத்தில் மீட்டர் சிவப்பைத் தொடாமல் மைனஸ் 6 டெசிபல் அளவிலேயே நிற்கும்படி ரெக்கார்டிங் லெவலைக் குறைத்து வையுங்கள். சிவப்பைத் தொட்டால் அந்த இடத்தில் ஒலி நறுக்கப்பட்டுவிடும், அதைத் திரும்பப் பெற வழியில்லை. ரெக்கார்ட் பட்டனை முதலில் அழுத்திவிட்டு, அதன் பிறகு ஊசியை வையுங்கள். பாட்டு ஆரம்பிக்கும் முன் வரும் வெறும் 'கரகர' சத்தமும் நமக்குத் தேவை.

முடிந்ததும் முதல் வேலையாக, எதையும் திருத்தாமல், பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் சென்று வேவ் பைலாகச் சேவ் செய்யுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும். மூன்றரை நிமிடப் பாட்டுக்கு 35 எம்பி. இன்றைய ஹார்ட் டிஸ்க்குகளுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. இந்தப் பைலுக்கு 'மூலம்' என்று பெயர் வையுங்கள். மற்ற வேலைகளை எல்லாம் இதன் நகலில்தான் செய்ய வேண்டும்.

விரிசல் உள்ள தட்டில் சுற்றுக்கு ஒரு 'டொக்' கேட்கும். 78 சுற்று என்றால் நிமிடத்துக்கு 78 'டொக்'. என் தட்டில் முதல் ஒரு நிமிடத்துக்கு அது இருந்தது. அந்த இடங்களை ஜூம் செய்தால் அலைக்கோட்டில் முள் போல் நீட்டிக்கொண்டிருக்கும். முள்ளை மட்டும் செலக்ட் செய்து எபெக்ட் மெனுவில் ரிப்பேர் கொடுத்தால் மறைந்துவிடும். ஒரு தடவைக்கு 128 சாம்பிள்கள் வரைதான் செலக்ட் செய்யலாம். எனக்கு ஒரு மாலைப் பொழுது பிடித்தது.

முதல் தவறு: குப்பையில் கிட்டப்பா

முட்கள் போன பிறகும் 'கரகர' சத்தம் இருந்தது. நாய்ஸ் ரிடக்‌ஷன் எபெக்டில் இதற்கு வழி உண்டு. பாட்டுக்கு முந்தைய வெறும் கரகரப்பைச் செலக்ட் செய்து 'கெட் நாய்ஸ் ப்ரொபைல்' கொடுத்தால், எது குப்பை என்று கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும். பிறகு பாட்டு முழுவதையும் செலக்ட் செய்து எத்தனை டெசிபல் குறைக்க வேண்டும் என்று சொன்னால் குறைத்துத் தரும்.

நான் ஆசையில் 30 டெசிபல் கொடுத்தேன். கரகரப்பு சுத்தமாகப் போய்விட்டது. பெருமையோடு அம்மாவைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன். பத்து விநாடி கேட்டுவிட்டுக் கழற்றினார். "என்னப்பா இது, தண்ணிக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு? இது தாத்தா தட்டு இல்லை" என்றார்.

அதே எபெக்டில் 'ரெசிட்யூ' என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது. அதைத் தேர்வு செய்தால் எது நீக்கப்படுகிறதோ அது மட்டும் கேட்கும். போட்டுப் பார்த்தேன். கரகரப்புக்கு நடுவே கிட்டப்பா பாடிக்கொண்டிருந்தார்! வல்லின எழுத்துகளின் அழுத்தம், மேல் ஸ்தாயியில் குரல் தேயும் நுனி, மூச்சு எடுக்கும் சத்தம் எல்லாம் அங்கே இருந்தன. குரலின் ஒரு பகுதியும் கரகரப்பும் ஒரே இடத்தில்தான் குடியிருக்கின்றன. ஒன்றைத் துரத்தினால் மற்றதும் கூடவே போய்விடும்.

எனவே என் சிபாரிசு இதுதான். 6 டெசிபலில் ஆரம்பியுங்கள். ரெசிட்யூவைக் கேளுங்கள். அதில் பாட்டின் சாயல் தெரியாத வரை சரி, தெரிந்தால் உடனே குறையுங்கள். கொஞ்சம் கரகரப்பு மிஞ்சும், இருக்கட்டும். இரண்டு நிமிடம் கேட்டால் மழைச் சத்தம் போல் காது அதை மறந்துவிடும். குன்னூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இரண்டாவது தவறு: வேகம்

6 டெசிபலில் செய்து கொடுத்ததும் அம்மா முழுவதும் கேட்டார். முகம் மலர்ந்தது. ஆனாலும், "கொஞ்சம் கீச்சுனு இருக்கே?" என்றார். நான் வயதான காது என்று நினைத்தேன். மறுநாள் பக்கத்து வீட்டு ஆர்மோனியத்தோடு ஒப்பிட்டபோதுதான் அம்மா சொன்னது சரி என்று தெரிந்தது. பாட்டின் ஷட்ஜம் எந்தக் கட்டையோடும் சேராமல் இரண்டு கட்டைகளுக்கு நடுவே நின்றது. தட்டிலும் பக்கவாத்தியம் ஆர்மோனியம்தான். அதன் கட்டைகளுக்கு நடுவே யாரும் வாசிக்க முடியாது. அப்படியானால் தவறு என் டர்ன்டேபிளின் வேகத்தில்தான்.

தட்டு வேகமாகச் சுழன்றால் சுருதி ஏறும், மெதுவாகச் சுழன்றால் இறங்கும். ஏறக்குறைய 6 சதவீத வேகத்துக்கு அரைக் கட்டை. 74 வேகத்தில் பதிவான தட்டை 78-இல் ஓட்டினால் பாடகர் கிட்டத்தட்ட அரைக் கட்டை கூடுதலாகப் பாடியது போல் கேட்கும். கருசோ காலத் தட்டுகள் பல சரியாக 78-இல் பதிவானவையே அல்ல. கிட்டப்பா எத்தனை கட்டையில் பாடினார் என்ற பேச்சு ரசிகர்களிடையே வரும்போது, தட்டு எந்த வேகத்தில் ஓடியது என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

சரி செய்வது சுலபம். ஆடாசிட்டியின் அனலைஸ் மெனுவில் 'பிளாட் ஸ்பெக்ட்ரம்' இருக்கிறது. ஷட்ஜம் நீண்டு ஒலிக்கும் இடத்தைச் செலக்ட் செய்து இதைக் கொடுத்தால், ஒலியின் ஹெர்ட்ஸ் அளவைக் காட்டும். உதாரணமாக 403 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கட்டைக்கு 392, ஐந்தரைக்கு 415. 403 இரண்டுக்கும் நடுவே இருப்பதால் இறக்குவதா, ஏற்றுவதா என்ற குழப்பம் வரும். இங்கே ஸ்ட்ரோப் அட்டை உதவும். 77 கோடுகள் போட்ட வட்ட அட்டையைச் சுழலும் டர்ன்டேபிளில் வைத்து, பழைய மஞ்சள் குண்டு பல்பு வெளிச்சத்தில் பாருங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்தப் பல்பு விநாடிக்கு 100 முறை மினுக்கும். வேகம் சரியாக 78 இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்பது போல் தெரியும். சுழலும் திசையிலேயே நகர்ந்தால் வேகம் அதிகம். எல்ஈடி பல்பில் இது சரிவரத் தெரியாது.

என் டர்ன்டேபிளில் கோடுகள் முன்னோக்கி ஓடின. எனவே இறக்க வேண்டும். எபெக்ட் மெனுவில் 'சேஞ்ச் ஸ்பீடு' சென்று சதவீதத்தைக் கொடுத்தால் போதும். மேலே சொன்ன 403-ஐ 392-க்குக் கொண்டுவர மைனஸ் 2.7 என்று கொடுக்க வேண்டும். 'சேஞ்ச் பிட்ச்' என்று வேறொன்று இருக்கும், அது வேண்டாம். அது காலப்பிரமாணத்தை விட்டுவிட்டுச் சுருதியை மட்டும் மாற்றும். நமக்கு இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும்.

கம்ப்யூட்டரால் எவ்வளவு முடியும்?

பழைய தட்டைக் கம்ப்யூட்டரால் திருத்தும் வேலை கருசோவிடமிருந்தே தொடங்கியது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் ஸ்டாக்ஹாம் என்ற பொறியியலாளர், தகரக் கூம்பு குரலில் ஏற்றிய 'டப்பா' தொனியைக் கணக்குப் போட்டுக் கழித்தார். பிற்கால டெனார் ஒருவரின் பதிவை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு, கூம்பு எந்த ஸ்வரத்தைத் தூக்கியது, எதை அமுக்கியது என்று கண்டுபிடித்தார். அந்தக் கருசோ எல்.பி. 1976-இல் வெளிவந்தது.

இன்று செயற்கை நுண்ணறிவு கொண்ட சாப்ட்வேர்கள் குரலையும் வாத்தியத்தையும் தனித்தனியாகப் பிரிக்கின்றன. ஆசைக்குப் பயன்படுத்திப் பாருங்கள். ஆனால் அவற்றில் சில, தட்டில் இல்லாத ஒலியை ஊகித்துச் சேர்த்துவிடும். அந்த ஊகம் காதுக்கு இனிமையாகவும் இருக்கும். ஆனால் அது கிட்டப்பாவின் குரல் அல்ல. அடுத்த பத்தாண்டில் இதைவிட நல்ல சாப்ட்வேர் வரலாம். அப்போது அதற்குக் கொடுக்க நம்மிடம் திருத்தாத 'மூலம்' பைல் இருக்க வேண்டும்.

அதனால் மூலத்தைக் கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் ஒன்று என்று மூன்று இடங்களில் வையுங்கள். தினமும் கேட்பதற்கு எம்பி3 நகல் போதும். லேபிளில் உள்ள பெயர், எண், எந்த வேகத்தில் ஏற்றினீர்கள், என்ன திருத்தினீர்கள் என்பதை ஒரு சிறு டெக்ஸ்ட் பைலில் எழுதி அதே போல்டரில் போடுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் காப்புரிமை, அது வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள்தான். கிட்டப்பா தட்டுகள் அதை எப்போதோ தாண்டிவிட்டன. பாட்டெழுதியவரின் உரிமை தனி, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைச் சரி செய்த பைலை ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஸ்பீக்கரில் போட்டேன். வெளியே மழை. உள்ளே தட்டின் கரகரப்பு, அதைக் கிழித்துக்கொண்டு கிட்டப்பா. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார். முடிந்ததும், "இப்ப சரி. வாசக் கதவைத் திறந்து வைச்சுட்டு இன்னொரு தடவை போடு" என்றார்.

உங்கள் வீட்டு அலமாரியின் மேலும் ஒரு பெட்டி இருக்கலாம். இந்த மாதமே இறக்கிப் பாருங்கள்.